மாடி ஸ்டேஷன்

ஒரு பழைய கொசுவத்திச் சுருளோடு ஆரம்பிக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1994 ஜூன் மாதம். மெட்ராஸ் மெயிலில் வந்து வி.டி.யில் இறங்கினேன். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, அம்மா துணியில் சுற்றிக் கொடுத்த ஊறுகாய் ஜாடி, சட்டைப் பையில் பெரியப்பா எழுதிய இன்லண்ட் கடிதம். வழியெல்லாம் அதில் சுத்தமாக எழுதியிருந்தார். "வி.டி.யில் ஹார்பர் வண்டி ஏறு. கோலிவாடாவில் இறங்கு. நான் நிற்பேன்." அவ்வளவுதான். நான் 'ஹார்பர்' என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். குர்லா போகிற வண்டி எதுவானாலும் கோலிவாடா வழியாகத்தானே போகும் என்று ஒரு கணக்கு. கண்ணில் பட்ட முதல் குர்லா லோக்கலில் ஏறிவிட்டேன்.

மஸ்ஜித் தாண்டியதும் பக்கத்தில் நின்றவரிடம் "கோலிவாடா?" என்றேன். அவர் ஹிந்தியில் ஏதோ சொல்லி, அடுத்த ஸ்டேஷனில் என்னையும் பெட்டியையும் ஏறக்குறையத் தள்ளியே இறக்கிவிட்டார். மழை வேறு. எந்த ஊர், எந்த ஸ்டேஷன், ஒன்றும் புரியவில்லை. அப்போது தலைக்கு மேலே தடதடவென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் இரும்புப் பாலத்தில் ஒரு ரயில் குறுக்கே போய்க்கொண்டிருக்கிறது! நான் நிற்பதும் ரயில்வே ஸ்டேஷன், தலைக்கு மேலே இருப்பதும் ரயில்வே ஸ்டேஷன். திருநெல்வேலி ஜங்ஷனைத் தவிர வேறு பெரிய ஸ்டேஷன் பார்க்காதவனுக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்.

நான் முழித்த முழியைப் பார்த்து, மூட்டையை இறக்கி வைத்துவிட்டு பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்த ஒருவர் சுத்தத் தமிழில் சொன்னார்: "மேல ஏறுங்க தம்பி. நம்ம வண்டி மேலதான் வரும்."

அந்த ஸ்டேஷன்தான் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'மாடி ஸ்டேஷன்'. பெரியப்பா ரே ரோடு பக்கம் ஒரு கோடவுனில் கிளார்க். முப்பது வருஷம் இந்த வழியாகப் போய்வந்தவர். அவர் வைத்த பெயர்.

இத்தனை வருஷம் கழித்து இது ஏன் ஞாபகம் வந்தது என்றால், காரணம் மகள். பிப்ரவரி 2025இல் இந்தியாவில் மின்சார ரயில் ஓடத் தொடங்கி 100 ஆண்டு நிறைந்தது. பள்ளியில் 'உங்கள் நகரத்தின் பாரம்பரியம்' என்று புராஜெக்ட் கொடுத்தார்கள். மகள் எல்லோரையும் போல வி.டி. கட்டடத்தைத் தேர்ந்தெடுத்துப் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். "நம்ம ஹார்பர் லைனைப் பத்தி எழுதேன்" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அது எப்படிப்பா நம்ம லைன்? நாம வெளியூர்தானே?" என்றாள். ஊரில் போய் நின்றால் 'பம்பாய்க்காரப் பிள்ளை'. இங்கே 'மதராஸி'. அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அதற்குப் பதில் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இந்த ஸ்டேஷனை ஏன் மாடியில் கட்டினார்கள்?

பம்பாயின் முதல் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடியது எல்லோருக்கும் தெரியும். ஜிஐபி ரயில்வே என்ற கம்பெனி போட்ட பாதை. அந்த மெயின் லைன் நகரத்தின் நடுவாக வடக்கே போகிறது. ஆனால் ஊருக்குச் சோறு போட்டது கிழக்குக் கரையில் இருந்த துறைமுகம். 1873இல் போர்ட் டிரஸ்ட் வந்தது. 1880இல் பிரின்சஸ் டாக், 1888இல் விக்டோரியா டாக், 1914இல் அலெக்சாண்ட்ரா டாக் என்று வரிசையாகத் திறந்தார்கள். பஞ்சு, தானியம், நிலக்கரி என்று சரக்கு மலைபோலக் குவிந்தது. அதைச் சுமக்கிற ஆட்களும் குவிந்தார்கள்.

இவர்களுக்காகக் கரையோரம் ஒரு பாதை தேவைப்பட்டது. 1910 டிசம்பர் 12 அன்று குர்லாவிலிருந்து ரே ரோடு வரை ஹார்பர் பாதை திறந்தது. கவனியுங்கள், ரே ரோடு வரைதான். அங்கிருந்து வி.டி. கூப்பிடு தூரம். ஆனால் ரயில் அந்தக் கொஞ்ச தூரத்தைக் கடக்கப் பதினான்கு வருஷத்துக்கு மேல் ஆனது.

காரணம் இரண்டு. முதலாவது, இடம். ரே ரோட்டுக்கும் வி.டி.க்கும் நடுவில் மஜ்காவ், டோங்ரி, மாண்ட்வி. அன்றைக்கே நகரத்தில் மூச்சு முட்டும் அளவுக்கு ஜனம் அடைந்து கிடந்த பகுதிகள். தரையில் தண்டவாளம் போட்டால் தெருத்தெருவாக இடிக்க வேண்டும், ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு லெவல் கிராசிங் வைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் சுவாரசியமானது. வி.டி.யில் ஹார்பர் வண்டிகள் நிற்கும் 1, 2ஆம் பிளாட்பாரங்கள் மேற்கு ஓரத்தில் இருக்கின்றன. துறைமுகமோ கிழக்கில். நடுவில் மெயின் லைன் தண்டவாளங்கள். ஹார்பர் வண்டி மேற்கிலிருந்து கிளம்பிக் கிழக்கே போக வேண்டுமென்றால் மெயின் லைன் முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டும். தரையிலேயே கடந்தால் ஒரு ஹார்பர் வண்டி போகும்போதெல்லாம் மெயின் லைனில் எல்லா வண்டியையும் நிறுத்தி வைக்க வேண்டும். நாலு ரோடு சேரும் இடத்தில் போலீஸ்காரர் கை காட்டுகிற மாதிரி. மூன்று நாலு நிமிஷத்துக்கு ஒரு வண்டி ஓடுகிற ஊரில் அது நடக்குமா?

அதனால் ஒரே வழி, தூக்கு மேலே! மஸ்ஜித் தாண்டியதும் ஹார்பர் பாதை சரிவில் ஏறத் தொடங்குகிறது. வீடுகளின் மாடி உயரத்துக்குப் போகிறது. மெயின் லைனுக்கு மேலே இரும்புப் பாலத்தில் குறுக்கே தாண்டி, வளைந்து, டாக்யார்டு ரோடு பக்கம் போய்ச் சேர்கிறது. இரண்டு பாதையும் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில்தான் நம் ஸ்டேஷன். கீழே மெயின் லைன், மேலே ஹார்பர். நடுவில் படிக்கட்டு. மேல் தளத்தைத் தாங்கும் இரும்புத் தூண்களில் 1921 என்ற ஆண்டும் கிளாஸ்கோ என்ற ஊர்ப் பெயரும் வார்க்கப்பட்டிருக்கும். அடுத்த முறை வண்டிக்குக் காத்திருக்கும்போது மொபைலை மூடி வைத்துவிட்டுத் தேடிப் பாருங்கள்.

இன்றைக்கு மெட்ரோக்காரர்கள் ஊரெல்லாம் தூண் நட்டு மேலே ரயில் விடுகிறார்கள். மும்பையின் முதல் மெட்ரோ, வெர்சோவா-காட்கோபர் பாதை, 2014இல் ஓடத் தொடங்கியது. நம் சென்னையில் பறக்கும் ரயில் 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் திருமயிலை வரை வந்தது. அதற்கெல்லாம் எழுபது வருஷம் முன்னாலேயே இங்கே மாடியில் ரயில் ஓடியிருக்கிறது.

மாடிக்கு ரயிலை ஏற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. சரிவு. ஏறுவதற்குக் கிடைத்த தூரம் கொஞ்சம்தான். நீராவி எஞ்சின் நின்று நின்று கிளம்ப, அதுவும் சரிவில் கிளம்ப, திணறும். மாடி வீட்டு ஜன்னலுக்கு நேரே கரிப்புகையைக் கக்கிக்கொண்டு போனால் வீட்டுக்காரர்கள் கதி என்ன? அதோடு வி.டி.யில் பாதை முடிந்துவிடுகிறது. நீராவி எஞ்சின் என்றால் ஒவ்வொரு தடவையும் கழற்றிக்கொண்டு போய் மறுமுனையில் மாட்ட வேண்டும். மின்சார லோக்கலில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மோட்டார் பெட்டிக்கு அடியிலேயே இருக்கிறது. சட்டென்று வேகம் எடுக்கும், சரிவில் ஏறும். முடிவு ஸ்டேஷன் வந்தால் டிரைவர் இந்த முனையிலிருந்து இறங்கி அந்த முனைக்கு நடந்தால் போதும்.

1925 பிப்ரவரி 3. வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு, ஹார்பர் பாதை வழியாக, இந்தியாவின் முதல் மின்சார ரயில் கிளம்பியது. பம்பாய் கவர்னர் சர் லெஸ்லி வில்சன் தொடங்கி வைத்தார். நாலே பெட்டி. மேலே கம்பியில் 1500 வோல்ட் டி.சி. மின்சாரம். மாடிப் பாதையும் மின்சாரமும் ஒரே நாளில் சேவைக்கு வந்தன. அதாவது, இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது நாம் இன்றைக்கு இடிபட்டுக்கொண்டு போகிற அதே பாதையில், இதே மாடி வழியாகத்தான். நம் சென்னை பீச்-தாம்பரம் பாதைக்கு மின்சாரம் வந்தது 1931இல்.

மகளிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் அசைந்து கொடுத்தாள். "ஆனாலும் அது வெள்ளைக்காரன் போட்டதுதானேப்பா. நமக்கும் அதுக்கும் என்ன?" என்றாள். தங்கமணி உள்ளிருந்து, "அப்படிக் கேளு!" என்றாள். வீட்டில் எனக்கு இருக்கிற ஆதரவு அவ்வளவுதான் :-)

அதற்குப் பதில் ஸ்டேஷனின் பெயரிலேயே இருந்தது. தேடிப் படிக்கிற வரைக்கும் எனக்கே தெரியாது.

சாண்ட்ஹர்ஸ்ட் பிரபு 1895 முதல் 1900 வரை பம்பாய் கவர்னர். அவர் காலத்தில்தான் பிளேக் வந்தது. 1896 செப்டம்பரில், மஸ்ஜித் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற மாண்ட்வியில், டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்ற கோவாக்காரர் முதல் நோயாளிகளைப் பார்த்து, இது பிளேக்தான் என்று அடித்துச் சொன்னார். துறைமுகக் கிடங்குகள், தானியம், எலி, காற்று நுழையாத அறைகளில் பத்துப் பேர் பதினைந்து பேர். நோய் பரவ வேறென்ன வேண்டும்? ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டு ஓடினார்கள். மில்களுக்கு ஆள் இல்லை.

பயந்துபோன அரசாங்கம் 1898இல் 'பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்' என்ற அமைப்பை உருவாக்கியது. நெருக்கமான பகுதிகளை இடித்துத் திறக்க வேண்டும், கடற்காற்று ஊருக்குள் வர வேண்டும் என்பது திட்டம். அப்படி மேற்குக் கடற்கரைப் பக்கமிருந்து கிழக்கு நோக்கி வீடுகளைப் பிளந்துகொண்டு வெட்டிய அகலமான தெருதான் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு. ஸ்டேஷனுக்கு அந்தத் தெருவின் பெயர். தெருவுக்கு இப்போது சர்தார் வல்லபபாய் படேல், மௌலானா ஷௌகத் அலி என்று வேறு பெயர்கள் வந்துவிட்டன. ரோடு போய்விட்டது, ரோட்டின் பெயர் ஸ்டேஷனில் தங்கிவிட்டது.

இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. டிரஸ்ட் இடித்த அளவுக்கு ஏழைகளுக்கு வீடு கட்டித் தரவில்லை. காற்று வருவதற்காக யாருடைய வீட்டை இடித்தார்களோ, அவர்கள் பக்கத்துத் தெருவில் இன்னும் நெருக்கமாகப் போய் அடைந்தார்கள். காற்று வந்தது, ஆனால் அவர்களுக்கு வரவில்லை.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். அதே டிரஸ்ட், அதே பிளேக் பயத்தில், ஊரை வடக்கே விரிக்கவும் திட்டம் போட்டது. வயலும் சேறுமாகக் கிடந்த இடத்தில் மனை பிரித்து, அகலமான தெருவும் தோட்டமும் வைத்து ஒரு புது ஊர். எங்கே தெரியுமா? தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான்!

மாட்டுங்கா! இட்லிக்கும், மல்லிகைப்பூவுக்கும், ஆவணி அவிட்டத்துக்குப் பூணூலுக்கும் நாம் ஓடுகிற அதே மாட்டுங்கா. 1920, 30களில் குமாஸ்தா வேலைக்கும் டைப்பிஸ்ட் வேலைக்கும் வந்த நம் ஆட்கள் குடியேறிய புதுத் தெருக்கள் அந்தத் திட்டத்தில் பிறந்தவை. கிங்ஸ் சர்க்கிள் அவர்கள் போட்ட வட்டம்தான். இன்னொரு பக்கம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடவும் மூட்டை தூக்கவும் வந்தவர்கள் தாராவியிலும் கோலிவாடாவிலும் தங்கினார்கள். அவர்களுக்கு எந்த டிரஸ்டும் மனை பிரித்துத் தரவில்லை. சேற்றை அவர்களே நிரவிக்கொண்டார்கள். ஒரே மொழி பேசுகிற இரண்டு கூட்டம். நடுவில் பெரிய தூரம். ஆனால் துறைமுகத்துக்கும் கோட்டைப் பக்கத்து ஆபீஸ்களுக்கும் போக இரண்டு கூட்டத்துக்கும் பக்கத்திலேயே இருந்தது இந்த ஹார்பர் பாதை.

பாதை நீள நீள நாமும் நீண்டோம். வடாலா, கோலிவாடா (இன்றைய ஜிடிபி நகர்), சுன்னாபட்டி, திலக் நகர், செம்பூர். 1992இல் கடல் கழியைத் தாண்டி வாஷி வரை ரயில் போனதும் வாஷி, நெரூல். எந்த ஸ்டேஷன் பெயரைச் சொன்னாலும் அங்கே ஒரு தமிழ்ச் சங்கமோ, ஒரு பிள்ளையார் கோவிலோ, காலையில் இட்லி மாவு விற்கிற ஒரு கடையோ உங்களுக்கு ஞாபகம் வரும். வருகிறதா இல்லையா?

அந்த மூட்டைக்காரர் 'நம்ம வண்டி' என்று சொன்னது சும்மா வாய்க்கு வந்ததல்ல என்று இப்போது புரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெகா பிளாக் இல்லாத ஞாயிறாகப் பார்த்து (பஞ்சாங்கம் பார்ப்பதைவிடக் கஷ்டம்), மகளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனேன். மஸ்ஜித் தாண்டி வண்டி ஏறும்போது, "ஜன்னல் பக்கம் பார்" என்றேன். பழைய கட்டடங்களின் மாடிகள் நமக்கு நேர் எதிரே வரும். கொடியில் காயும் துணி, அடுப்பில் இருக்கும் பாத்திரம், கட்டிலில் படுத்துக்கொண்டு டிவி பார்க்கும் தாத்தா என்று எல்லாம் ஒரு நொடி தெரிந்து மறையும். மகள் கேட்டாள்: "இவங்களுக்கு ராத்திரி தூக்கம் வருமாப்பா?"

நான் முப்பது வருஷமாகப் போகிறேன். அந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ரயிலை மாடிக்குத் தூக்கியதால் தெரு தப்பித்தது, மெயின் லைன் தப்பித்தது, நமக்கு நேரம் மிச்சமானது. அதற்கான விலையை 1925 முதல் அந்த ஜன்னல்காரர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மேலே போகிற ரயில் யாரையும் இடைஞ்சல் செய்யாது என்று நாம் சொல்வதெல்லாம் ரயிலுக்குள் இருக்கிற வரைக்கும்தான்.

ஸ்டேஷன் அப்படியே உறைந்து போய்விடவில்லை. 1500 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் பெரிய வண்டிகளை இழுப்பது செலவு அதிகம், நஷ்டமும் அதிகம். மும்பைப் பாதைகளை ஒவ்வொன்றாக 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாற்றினார்கள். அத்தனை வோல்ட் என்றால் கம்பிக்கும் பாலத்துக்கும் இடையே அதிக இடைவெளி வேண்டும். பழைய பாலங்கள் தாழ்வானவை. சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டுக்குப் பக்கத்தில் மெயின் லைன் மேல் இருந்த ஹான்காக் பாலத்தை 2016 ஜனவரியில் இடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். பாலம் போனதும் அக்கம்பக்கத்து ஜனங்களும் பள்ளிப் பிள்ளைகளும் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டி வந்தது. புதுப் பாலத்தின் ஒரு பகுதி திறக்க 2022 ஆனது. 2016 ஏப்ரல் 9 இரவு, ஹார்பர் பாதையில் கடைசி டி.சி. லோக்கல் குர்லாவிலிருந்து வி.டி.க்கு ஓடியது. 91 வருஷம் ஓடிய மின்சாரம் அன்றோடு நின்றது. அதே ஆண்டு ஒன்பது பெட்டி வண்டிகள் பன்னிரண்டு பெட்டியாயின.

2024 ஜூலையில் மும்பையின் சில ஸ்டேஷன்களின் ஆங்கிலேயப் பெயர்களை மாற்ற மகாராஷ்டிர சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி மத்திய அரசின் ஒப்புதலுக்கு அனுப்பியது. அதில் சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டுக்கு டோங்ரி என்று பெயர். நம் கிங்ஸ் சர்க்கிளும் அந்தப் பட்டியலில் இருந்தது. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அந்த ஜன்னல்களுக்குப் பின்னால் இருப்பவர்களின் பேட்டைப் பெயர் டோங்ரி. ரயில் சத்தத்தைத் தாங்கியவர்கள் அவர்கள்தான். பெயரும் அவர்களுக்கே போகட்டும். எந்தப் பெயர்ப் பலகை மாட்டினாலும், பிளேக் வந்த கதையையும் அதில் வீடிழந்தவர்களையும் யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் சரி.

பெரியப்பா 2009இல் காலமானார். கடைசிக் காலத்தில் முட்டிவலியால் வெளியே போக முடியாமல் கோலிவாடா வீட்டில் உட்கார்ந்திருப்பார். ஊருக்கே திரும்பிப் போய்விடலாமே என்று யார் கேட்டாலும், "அங்க போனா எனக்கு எந்த வண்டி எங்க நிக்கும்னே தெரியாதுடே" என்பார். அன்றைக்குச் சிரித்தோம்.

மகளின் புராஜெக்டில் வி.டி. படம் முதல் பக்கத்தில் அப்படியே இருந்தது. அவ்வளவு அழகாக ஒட்டியதைக் கிழிக்க மனசு வருமா? ஆனால் அதற்கு அடுத்த மூன்று பக்கமும் மாடி ஸ்டேஷன். இரும்புத் தூணின் படம், மேலும் கீழும் இரண்டு ரயில் போகிற மாதிரி அவளே வரைந்த படம், பெரியப்பாத் தாத்தாவின் பழைய சீசன் டிக்கெட் ஒன்று. கடைசியில், 'இந்தப் பாதையைப் பற்றி உனக்கு யார் சொன்னார்கள்?' என்ற கேள்விக்கு இங்கிலீஷில் ஒரு வரி எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'எங்கள் குடும்பம் இந்த லைனில் மூன்று தலைமுறையாகப் போகிறது.'

வெளியூர் என்ற வார்த்தை எங்கும் இல்லை. நானும் கேட்கவில்லை.